அந்தக் குளிசையோடு நாலு வார்த்தையும் சேர்த்துக் கொடுங்கள்

மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களின் மருந்துக்கடை உரிமையாளர்களுக்கும், மருந்தாளர்களுக்கும், கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கச்சிமாருக்கும்,

வணக்கம். அஸ்ஸலாமு அலைக்கும்.

நான் வாவியின் இரண்டு பக்கமும், படுவான்கரையிலும் எழுவான்கரையிலும், வேலை செய்து ஓய்வுபெற்ற குடும்பநல மாது. வேலையை விட்டாலும் பெண்கள் விடவில்லை. இன்றும் பொழுதுபட்ட பிறகு படலையைத் திறந்து வந்து, குசினிப் பக்கம் நின்று, குரலைத் தாழ்த்திக் கேட்பார்கள். அப்படிக் கேட்கப்படும் கேள்விகளில் இப்போது அதிகம் வருவது, பாதுகாப்பில்லாத உறவுக்குப் பிறகு போடும் அவசர கருத்தடைக் குளிசையைப் பற்றித்தான். உங்கள் கடையில் போஸ்டினோர் என்று கேட்பார்களே, அல்லது பெயர் சொல்லக் கூச்சப்பட்டு போனில் படத்தைக் காட்டுவார்களே, அது.

இந்தக் குளிசையை நீங்கள் விற்பதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. விற்கத்தான் வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கும் மருந்து அது. என் ஆதங்கம் வேறு. பெரும்பாலான கடைகளில் அது ஒரு கடதாசிப் பைக்குள் சுற்றப்பட்டு, ஒரு வார்த்தையும் இல்லாமல் கை மாறுகிறது. வாங்குகிறவருக்கு வெட்கம், கொடுக்கிறவருக்கும் வெட்கம். காசைக் கொடுத்து மீதியை எண்ணாமலே போய்விடுகிறார்கள்.

"பெட்டிக்குள்ளே தாள் இருக்குத்தானே, வாசிக்கட்டும்" என்று நீங்கள் சொல்லலாம். அந்தத் தாள் வீட்டுக்குப் போவதே இல்லை. பெட்டி வீட்டில் அகப்பட்டால் என்ன நடக்கும் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியும். பஸ் நிலையத்துக்குப் பக்கத்திலோ வாவிக்கரையிலோ பெட்டியையும் தாளையும் கிழித்துப் போட்டுவிட்டு, குளிசையை மட்டும் கைப்பைக்குள் ஒளித்துக்கொண்டு போகிறாள். ஆகவே அவளோடு வீடு வரைக்கும் போவது உங்கள் வாயால் வந்த சொல் மட்டும்தான். அந்தச் சொல்லும் இல்லையென்றால் அவளுக்கு மிஞ்சுவது சிநேகிதி சொன்னதும், இணையத்தில் யாரோ எழுதியதும்.

கிளினிக்குக்குப் போய்க் கேட்கலாமே என்றும் கேட்பீர்கள். கல்யாணம் முடித்த பெண் போகலாம், போகிறாள். குடும்பநல மாதுவின் பதிவேட்டில் அவள் பெயர் இருக்கிறது, வீட்டுக்கே போய்க் கேட்கிறோம். கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு அந்தப் பதிவேட்டில் இடமில்லை. அவள் எம்.ஓ.எச். (சுகாதார வைத்திய அதிகாரி) பணிமனைப் படியேறினால் அடுத்த நாள் ஊர் முழுக்கக் கதை. அவளுக்குத் திறந்திருக்கும் ஒரே கதவு உங்களுடையது. அதுவும் தன் ஊர்க் கடைக்கு வரமாட்டாள். காத்தான்குடிப் பிள்ளை மட்டக்களப்பு டவுனுக்குப் போவாள், கல்முனைப் பிள்ளை அக்கரைப்பற்றுக்குப் போவாள். மண்டூர்ப் பக்கத்தில் இருப்பவள் குருமண்வெளி ஓடத்தில் இக்கரைக்கு வந்து பஸ் பிடிக்க வேண்டும். இப்படி அலைவதிலேயே ஒரு நாள் போய்விடும். இந்த மருந்துக்கோ ஒவ்வொரு மணித்தியாலமும் கணக்கு.

ஏன் கணக்கு என்பதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல விடுங்கள். மருந்தாளர்கள் படித்திருப்பீர்கள். ஆனால் கவுண்டரில் பல நேரம் நிற்பது படிக்காத தம்பிமார்.

இந்தக் குளிசையில் இருப்பது லெவோநோர்ஜெஸ்ட்ரல் என்ற ஹோர்மோன், மொத்தம் 1.5 மில்லிகிராம். சூலகத்தில் இருந்து முட்டை வெளியே வருவதை அது பிற்போடுகிறது. விந்தணு பெண்ணின் உடலுக்குள் ஐந்து நாள் வரை உயிரோடு இருக்கக்கூடும். அந்த நாட்களுக்குள் முட்டை வராவிட்டால் கரு உண்டாக வழியில்லை. குளிசையின் வேலை இவ்வளவுதான். முட்டை ஏற்கெனவே வெளியே வந்திருந்தால் அதனால் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான் உறவு நடந்து எவ்வளவு சீக்கிரம் போடுகிறாளோ அவ்வளவு பலன். முதல் 24 மணித்தியாலம் நல்லது. 72 மணித்தியாலம் வரை என்று பெட்டியில் போட்டிருக்கும். ஐந்தாவது நாள் வரையும் போடலாம், ஆனால் பலன் குறைந்துகொண்டே போகும். "நாளைக்குப் பெரியவர் வருவார், அவரிடம் கேட்டு வாங்குங்கோ" என்று ஒரு தம்பி திருப்பி அனுப்பியதாக ஒரு பிள்ளை என்னிடம் அழுதாள். அந்தத் தம்பிக்கு அது ஒரு நாள்தான். அவளுக்கு அந்த ஒரு நாளில் எல்லாமே மாறிப்போகலாம்.

நோன்பு மாதத்தில் சிலர் நோன்பு திறந்த பிறகு போடலாமா என்று கேட்பார்கள். இரவிலேயே கையில் கிடைத்தால் ஸஹருக்கு முன்னே போட்டுவிடச் சொல்லுங்கள். பகலில் கேட்டால், பிந்தப் பிந்தப் பலன் குறையும் என்ற உண்மையைச் சொல்லிவிட்டு முடிவை அவரிடமே விடுங்கள். வெறும் வயிற்றில் போடலாமா என்றால், போடலாம். சாப்பாட்டுக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி, என் படலையைத் தட்ட வைக்கும் விஷயத்துக்கு வருகிறேன். பக்கவிளைவுகள்.

குளிசை போட்ட அன்றோ அடுத்த நாளோ வயிற்றைப் புரட்டும். உலக சுகாதார நிறுவனம் நடத்தி 1998-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்த ஆய்வில், இந்த மருந்து எடுத்த பெண்களில் நூற்றுக்கு ஏறக்குறைய 23 பேருக்கு ஓங்காளம் வந்தது, 6 பேர் சத்தி எடுத்தார்கள். பழைய முறையில் சாதாரணக் கருத்தடைக் குளிசைகளைக் கூட்டிப் போட்டவர்களுக்கு இதைவிட இரண்டு மடங்குக்கு மேல் தொல்லை. அப்படிப் பார்த்தால் இது எவ்வளவோ மேல். இவற்றோடு தலையிடி, தலைச்சுற்று, அசதி, மார்பு கனத்து நோவது, அடிவயிற்றில் லேசான நோவு. எல்லாம் ஒன்றிரண்டு நாளில் தானாகவே அடங்கிவிடும். தலையிடிக்குப் பரசிட்டமோல் போடலாம்.

முன்கூட்டியே இதைச் சொல்லியிருந்தால் அவள் படுத்து எழும்பிவிடுவாள். சொல்லாதபோது என்ன நடக்கிறது தெரியுமா? ஓங்காளம் வந்ததும், "ஐயோ, பிள்ளை தங்கிவிட்டது" என்று நினைக்கிறாள். மசக்கை என்றால் சத்தி வரும் என்றுதானே கேள்விப்பட்டிருக்கிறாள்! போட்ட அடுத்த நாளே மசக்கை வராது என்று அவளுக்குச் சொல்ல யாரும் இல்லை. பயந்து இன்னொரு பெட்டி வாங்கிப் போடுகிறாள், சத்தி கூடுகிறது, பயமும் கூடுகிறது. தேவையே இல்லாத வேதனை இது.

சத்தியைப் பற்றி ஒன்று மட்டும் கட்டாயம் சொல்ல வேண்டும். குளிசை போட்டு இரண்டு மணித்தியாலத்துக்குள் சத்தி எடுத்தால் மருந்து உடம்பில் சேர்ந்திராது, திரும்பவும் போட வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டல். நீங்கள் விற்கும் பெட்டியின் தாளில் மூன்று மணித்தியாலம் என்று இருந்தால் அப்படியே சொல்லுங்கள். அதற்குப் பிறகு எடுத்த சத்தியால் ஒன்றும் கெடாது.

அடுத்தது மாதவிடாய். நாலைந்து நாளில் திட்டுத் திட்டாக இரத்தம் படலாம். அதைப் பார்த்து, "சரி, சுகமில்லாமல் வந்துவிட்டது, தப்பினேன்" என்று நினைத்துவிடுகிறார்கள். அது மாதவிடாயாக இல்லாமலும் இருக்கலாம். உண்மையான மாதவிடாய் சில நாள் முந்தியும் வரும், பிந்தியும் வரும். பெரும்பாலானவர்களுக்கு வழக்கமான திகதிக்கு ஒரு கிழமை முன்பின்னாக வந்துவிடும். ஒரு கிழமைக்கு மேல் பிந்தினால் சிறுநீர்ப் பரிசோதனை செய்ய வேண்டும். திகதி சரியாகத் தெரியாதவள் உறவு நடந்து மூன்று கிழமை கழித்துச் செய்து பார்க்கட்டும். ஏனென்றால் இந்தக் குளிசை நூற்றுக்கு நூறு இல்லை. சரியாகப் போட்ட நூறு பேரிலும் ஓரிருவர் கர்ப்பமாகலாம். பின்வரும் கிழமைகளில் அடிவயிற்றில், அதுவும் ஒரு பக்கமாக, தாங்க முடியாத நோவு வந்தாலோ மயக்கம் வந்தாலோ வீட்டில் இருக்கக் கூடாது. கரு கர்ப்பப்பைக்கு வெளியே தங்கியிருக்கலாம். அது உயிரோடு விளையாடும் விஷயம். 1990 என்ற இலக்கத்துக்கு அடித்து சுவசெரிய அம்புலன்ஸைக் கூப்பிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். குளிசையால் அப்படி நடக்கிறது என்று பொருள் இல்லை. குளிசை தவறி உண்டான கர்ப்பமும் எந்தக் கர்ப்பத்தையும் போல இடம் மாறித் தங்கலாம் என்பதற்காகச் சொல்கிறேன்.

இன்னொரு விஷயம் எனக்கு மிகவும் கவலை தருவது. முட்டை வருவதைத்தான் குளிசை பிற்போடுகிறது என்றேன் அல்லவா? பிற்போட்ட முட்டை சில நாள் கழித்து வரும். குளிசை போட்டாயிற்று, இனி இந்த மாதம் பயமில்லை என்று நினைத்து அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் பாதுகாப்பில்லாமல் இருந்தால், முந்தி இருந்ததைவிட ஆபத்தான நாட்களில் மாட்டிக்கொள்கிறாள். போட்ட குளிசை நடந்து முடிந்த உறவுக்கு மட்டும்தான். இந்த ஒரு வசனத்தைச் சொல்லாமல் எந்தக் கடையும் அந்தப் பெட்டியைக் கொடுக்கக் கூடாது என்பேன்.

இங்கே கட்டார், சவூதி என்று கணவர் வெளிநாட்டில் இருக்கும் வீடுகள் எத்தனை! லீவில் ஒரு மாதம் வந்து நிற்பார். மனைவி எந்தக் கருத்தடை முறையையும் பாவிப்பதில்லை, ஆள் இல்லாதபோது எதற்கு என்று நிறுத்தியிருப்பார். அந்த ஒரு மாதமும் இந்தக் குளிசையிலேயே ஓடும், கிழமைக்கு இரண்டு, சில கிழமை மூன்று. அப்படிப் போட்டால் உடம்புக்குப் பெரிய கேடு வந்துவிடும் என்று பயமுறுத்த நான் தயாரில்லை, அது உண்மையும் இல்லை. ஆனால் மாதவிடாய் தாறுமாறாகும், எப்போது இரத்தம் படும் என்றே தெரியாது, பலனும் வழக்கமான முறைகளைவிடக் குறைவு, செலவும் பெரிது. அவர் வரும் திகதி தெரிந்ததும் மனைவி கிளினிக்குக்குப் போனால் மூன்று மாத ஊசியோ தினக் குளிசையோ இலவசமாகவே கிடைக்கும். ஒரே பெண் அல்லது ஒரே கணவர் மாதத்தில் இரண்டாவது முறையாக வந்து கேட்டால், முகத்தைச் சுளிக்காமல் இதைச் சொல்லுங்கள். அவசரக் குளிசை போட்ட அன்றோ அடுத்த நாளோ தினக் குளிசையைத் தொடங்கலாம், முதல் ஏழு நாளும் ஆணுறையும் பாவிக்க வேண்டும் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மனச்சாட்சியின் பேரில் இதை விற்க மறுக்கும் கடைகளும் இருக்கின்றன. ஹிந்து, முஸ்லிம், கிறிஸ்தவர் என்று எல்லாரிலும் இருக்கிறார்கள். அவர்களை நான் குறைவாக நினைக்கவில்லை. உயிரைப் பற்றிய பயபக்தியால்தான் மறுக்கிறார்கள். ஆனால் அவர்கள் அஞ்சும் காரியத்தை இந்தக் குளிசை செய்வதில்லை. தங்கிவிட்ட கருவை அது கலைக்காது. கர்ப்பம் என்று தெரியாமல் ஒருத்தி போட்டுவிட்டாலும் அவளுக்கோ பிள்ளைக்கோ கேடு வருவதில்லை. 1883-ஆம் ஆண்டுத் தண்டனைச் சட்டக்கோவையின் 303-ஆம் பிரிவின்படி, தாயின் உயிரைக் காப்பாற்ற அல்லாமல் கருவைக் கலைப்பது நம் நாட்டில் குற்றம். அதனால்தான் வேண்டாத கர்ப்பம் உண்டான பிறகு பெண்கள் ஒளிந்து மறைந்து கண்ட கண்ட இடங்களுக்குப் போகிறார்கள், கண்ட கண்ட குளிசைகளை விழுங்குகிறார்கள். இரத்தம் போய் விறைத்த கையோடு அம்புலன்ஸில் ஏற்றிய பெண்களை நான் பார்த்திருக்கிறேன். அந்த இடத்துக்கு அவள் போகாமல் தடுக்கக்கூடியது நீங்கள் மறுக்கும் இந்தக் குளிசைதான். தயவு செய்து இன்னொரு முறை யோசியுங்கள்.

மாதவிடாய் தவறிய பிறகு வந்து கேட்பவர்களும் உண்டு. அவர்களுக்கு இது பயன்படாது என்று தெளிவாகச் சொல்லி, பரிசோதனைக்கும் டொக்டரிடமும் அனுப்புங்கள். காசு வருகிறதே என்று கொடுத்துவிடாதீர்கள்.

வேறு மருந்து ஏதும் எடுக்கிறீர்களா என்று கேட்பது உங்கள் தொழிலின் அடிப்படை. இந்தக் குளிசையிலும் அது முக்கியம். காசநோய்க்கு ரிபாம்பிசின், வலிப்புக்கு பெனிட்டோயின், கார்பமசபின், பினோபார்பிட்டோன் எடுப்பவர்களுக்கு ஈரல் இந்த ஹோர்மோனை வேகமாகக் கரைத்துவிடும். வழக்கமான அளவு போதாது. அவர்களுக்கு மருந்தின் அளவை இரட்டிப்பாக்கச் சொல்லும் வழிகாட்டல்கள் இருக்கின்றன, அதை ஒரு டொக்டரோ மருந்தாளரோ பார்த்துச் சொல்ல வேண்டும். அவர்களுக்கு இன்னும் நல்லது ஐந்து நாளுக்குள் லூப், அதாவது கர்ப்பப்பைக்குள் வைக்கும் கருத்தடைச் சாதனம், போட்டுக்கொள்வது. செம்பு லூப் எல்லா அவசர முறைகளிலும் பலன் கூடியது, பிறகு பல வருடம் கவலையும் இல்லை. உடல் பருமனான பெண்களிலும் குளிசையின் பலன் குறையலாம். அதைக் காரணம் காட்டி மறுக்க வேண்டாம், லூப்பைப் பற்றியும் சொல்லுங்கள். பாலூட்டும் தாய் இதைப் போடலாம். பால் கெடாது.

பழைய மாதிரிப் பெட்டிகளில் 0.75 மில்லிகிராம் குளிசை இரண்டு இருக்கும். ஒன்றைப் போட்டு 12 மணித்தியாலம் கழித்து மற்றதைப் போடும் முறை முன்பு இருந்தது. இரண்டையும் ஒரேயடியாகப் போட்டாலும் அதே பலன் என்று 2002-இல் வந்த உலக சுகாதார நிறுவன ஆய்வு காட்டியது. இரண்டாவதை மறந்துவிடுவதைவிட ஒரேயடியாகப் போடுவதே நல்லது. சில இடங்களில் அட்டையை வெட்டி ஒரு குளிசையை மட்டும் கொடுக்கிறார்கள். காசு குறைவாகக் கொண்டுவந்த பிள்ளைக்கு உதவி செய்வதாக நினைப்பு. அரை அளவு மருந்து அவளைக் காப்பாற்றாது, காப்பாற்றிவிட்டது என்ற நம்பிக்கையை மட்டும் கொடுக்கும்.

கர்ப்பப்பை கெட்டுவிடும், பிறகு பிள்ளையே கிடைக்காது என்று கவுண்டரில் வைத்தே பயமுறுத்திய கதைகளும் எனக்கு வந்திருக்கின்றன. அது பொய். பிற்காலத்தில் பிள்ளை பெறுவதை இந்தக் குளிசை பாதிப்பதில்லை. பயமுறுத்தினால் பிள்ளைகள் திருந்திவிடுவார்கள் என்று நினைப்பவர்களுக்குச் சொல்கிறேன்: அவர்கள் குளிசையை விடுவார்கள், உறவை விடமாட்டார்கள். அடுத்த முறை ஒன்றும் போடாமல் இருந்து, மூன்றாம் மாதத்தில் என்னிடம் வருவார்கள். எய்ட்ஸ் முதலான பாலியல் நோய்களை இந்தக் குளிசை தடுக்காது என்பதைச் சொல்லி ஆணுறையை எடுத்துக் காட்டுங்கள். அது உண்மை, அது உதவும்.

பாதிக்கு மேல் வந்து வாங்குவது ஆண்கள் என்று உங்களில் ஒருவரே என்னிடம் சொன்னார். அப்படியானால் அவர்களிடமே சொல்லுங்கள். எத்தனை மணித்தியாலம் ஆயிற்று என்று கேளுங்கள், சத்தி வந்தால் என்ன செய்வது என்று சொல்லி அனுப்புங்கள். காத்தான்குடியிலும் ஏறாவூரிலும் கடை வைத்திருக்கும் காக்காமார், இதை ஒரு இளைஞனிடம் ஒரு மூத்த சகோதரன் சொல்வதுபோலச் சொன்னால் அவன் கேட்பான். பெண் வந்தால், கடையில் ஒரு தங்கச்சி வேலை செய்தால் அவளைப் பேச விடுங்கள். உள்ளே இருப்பவரைப் பார்த்து மருந்தின் பெயரைக் கூவாதீர்கள். யாருக்கு, கல்யாணம் முடித்ததா, ஊர் எது என்ற கேள்விகளுக்கும் மருந்துக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

ஒரு விதிவிலக்கு உண்டு. வந்தவள் சின்னப் பிள்ளையாக இருந்தால், அல்லது அவள் உடம்பிலும் முகத்திலும் விருப்பத்துக்கு மாறாக ஏதோ நடந்ததாகத் தெரிந்தால், குளிசையைக் கொடுத்து அதோடு நிறுத்தாதீர்கள். பதினாறு வயதுக்குக் கீழே என்றால் அவளோடு உறவு கொண்டது சட்டப்படி குற்றம், அவள் சம்மதித்திருந்தாலும். குளிசை அந்த வயதிலும் ஆபத்தில்லாதது, மறுக்கத் தேவையில்லை. ஆனால் எச்.ஐ.வி. தொற்றைத் தடுக்கும் மருந்தையும் 72 மணித்தியாலத்துக்குள் தொடங்க வேண்டும். அது ஆஸ்பத்திரியில்தான் கிடைக்கும். மட்டக்களப்பு போதனா வைத்தியசாலைக்கோ கல்முனை அஷ்ரப் ஞாபகார்த்த வைத்தியசாலைக்கோ, எது கிட்டவோ அங்கே போகச் சொல்லுங்கள். பெண்களுக்கான உதவி இலக்கம் 1938, சிறுவர்களுக்கானது 1929. இந்த இரண்டையும் கவுண்டருக்குப் பக்கத்தில் கண்ணில் படும்படி ஒட்டி வைத்தால் நீங்கள் வாயைத் திறக்காமலே சிலர் பார்த்துக்கொள்வார்கள்.

மட்டக்களப்பு, கல்முனை, அம்பாறை பிராந்திய சுகாதார சேவைகள் பணிப்பாளர்கள் இதைப் படித்தால், அவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். உள்ளங்கை அளவு ஒரு துண்டு தமிழில் அச்சடித்து எல்லாப் பதிவுபெற்ற மருந்துக்கடைகளுக்கும் கொடுங்கள். மேலே மருந்தின் பெயர் வேண்டாம், படமும் வேண்டாம், யார் கண்ணில் பட்டாலும் கேள்வி வராதபடி இருக்கட்டும். சத்தி வந்தால் என்ன செய்வது, மாதவிடாய் எவ்வளவு பிந்தினால் பரிசோதிப்பது, அடுத்த உறவுக்குப் பாதுகாப்பு வேண்டும், எந்த நோவுக்கு ஆஸ்பத்திரி, எந்தக் கிளினிக் எந்த நாள். இவ்வளவும் ஒரு பக்கத்தில் அடங்கும். கவுண்டரில் நிற்கும் தம்பி தங்கச்சிமாருக்கு அரை நாள் பயிற்சி ஒன்றும் வைக்கலாம்.

அந்தத் துண்டு வரும் வரைக்கும் காத்திருக்காதீர்கள். நாளைக்கு முதல் ஆள் வந்து கேட்கும்போது, "எத்தனை மணித்தியாலம் ஆச்சுது, வேறு மருந்து ஏதும் எடுக்கிறீங்களா" என்று இரண்டு கேள்வி கேட்டு, சத்தியைப் பற்றியும் அடுத்த உறவைப் பற்றியும் இரண்டு வசனம் சொல்லிக் கொடுத்து அனுப்புங்கள். ஒரு நிமிடம் கூடப் பிடிக்காது.

அன்புடன்,
ஓய்வுபெற்ற குடும்பநல மாது ஒருவர்
மட்டக்களப்பு